கழுதைக் கதையின் கடைசிப் பாகம்

எதிர் மாடி வீட்டுப் பால்கனியில் நேற்று ஒரு புத்தகம் காய்ந்துகொண்டிருந்தது. குழந்தைச் சட்டைகளுக்கும் ஒரு துவாலைக்கும் நடுவில், கொடியில் இரண்டு கிளிப் போட்டுத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். யானைப் படம் போட்ட சின்னப் பிள்ளைப் புத்தகம். வாளியில் விழுந்திருக்க வேண்டும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படியிறங்கிப் படியேறி அந்த வீட்டு மணியை அடித்து, கதவைத் திறந்த பெண்ணிடம், "வெயிலில் போடாதேம்மா, தாள் சுருண்டுவிடும். சாம்பிராணிப் புகையில் காட்டு" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சரிங்க ஆன்ட்டி" என்று சொல்லி, மரியாதை கெடாத அளவு மெதுவாகக் கதவைச் சாத்தினாள். அவள் மேல் தப்பில்லை. முன்பின் பழகாத ஒருத்தி வந்து புத்தகத்துக்குச் சாம்பிராணி போடச் சொன்னால் நானும் அதைத்தான் செய்வேன்.

ஆனால் எங்கள் வீட்டில் அது தினப்படி வேலை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், மேலகரத்தில் எங்கள் வீடு இருந்தது. ஆனி பிறந்து சாரல் கட்டிக்கொண்டால் எங்கள் பக்கத்தில் எதுவும் காயாது. துணி காயாது, விறகு காயாது, உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராக நிற்கும். அந்த மாதங்களில் புத்தகத்தைச் சும்மா விட்டால் ஒரு வாரத்தில் பூசணம் பூத்துவிடும். பிறந்த குழந்தைக்குத் தலை உலர்த்துகிற கூடை ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்குமல்லவா? அம்மா அதைக் கவிழ்த்து, உள்ளே தூபக்காலை வைத்து, கூடையின் மேல் புத்தகங்களை விரித்துப் போடுவாள். "சவத்து மழை" என்று வைதுகொண்டே ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடுவாள். இதனால் புத்தகம் என்றால் சாம்பிராணி மணக்கும் என்றே நான் நெடுநாள் நினைத்திருந்தேன். திருநெல்வேலியில் முதல்முதலாக ஒரு புத்தகக் கடைக்குள் போனபோது, இவர்கள் ஏதோ பழசை விற்கிறார்கள் என்று பட்டது.

அம்மா நாலாவது வரை படித்தவள். அவள் வாசித்ததெல்லாம் பிள்ளைகள் புத்தகம் மட்டும்தான். அப்பா தென்காசியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். பெண்டாட்டி வாசிக்கிறாளே என்ற பெருமையில் அவர் ஒருமுறை பெரிய நாவல் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். அம்மா நாலைந்து பக்கம் புரட்டிவிட்டு, "இதுல எல்லாரும் அழுதுகிட்டே இருக்காங்க. எனக்கு என்னத்துக்கு இது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது பேசும் கிளி, திருடனை ஏமாற்றும் பாட்டி, கடலுக்குள் இருக்கும் பட்டணம். மதராஸிலிருந்து வி.பி.பி. தபாலில் புத்தகக் கட்டு வந்துவிட்டால் முதலில் அவள்தான் வாசிக்க வேண்டும். நாங்கள் சுற்றி நின்று கெஞ்சினாலும் கொடுக்க மாட்டாள். கோர்ட்டிலிருந்து வரும் அப்பா தெருவிலேயே பருப்பு அடிப்பிடித்த வாசனையைக் கண்டுகொண்டு, "தபால்ல புத்தகம் வந்துட்டு போலிருக்கே" என்று சொல்லிக்கொண்டுதான் நடை ஏறுவார்.

வாசிப்பதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வாசித்ததை ஊராருக்கெல்லாம் சிபாரிசு செய்யாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அதற்கு அவள் பிடித்த இடம்தான் வேடிக்கை, குற்றாலத்துப் பேரருவி. எண்ணெய் தேய்த்துக் குளிக்க வருகிற பெண்கள் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "ஒங்களுக்குப் பிள்ளைக எத்தன? என்ன வயசு?" என்று ஆரம்பிப்பாள். அருவி இரைச்சலில் காதோடு காது வைத்துக் கத்தினால்தான் கேட்கும். அம்மா கத்துவாள். மதுரையோ கோவில்பட்டியோ, எங்கிருந்தோ வந்த பெண், தலையில் தண்ணீர் மொத்துமொத்தென்று விழ, கண்ணைத் திறக்க முடியாமல், ஒரு குரங்கு எப்படி அரண்மனைக்குள் நுழைந்தது என்று கேட்டுக்கொண்டு நிற்பாள். பாதியை அருவி கொண்டுபோய்விடும். அந்த நாட்களில் குற்றாலத்தில் குளித்துப் போன எத்தனையோ பேருக்குப் பாதிப்பாதிக் கதைகள் தெரிந்திருக்கும். சாயங்காலமானால் ஈரத்தலையோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெண்கள் எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். மீதிக் கதை கேட்கத்தான்.

மீதியை அம்மா சொல்லவே மாட்டாள். அது அவள் வைத்திருந்த சட்டம். "முடிவையும் நானே சொல்லிட்டா பொறவு புத்தகத்துக்கு என்ன மரியாத? வாசிச்சுத் தெரிஞ்சுக்கிடட்டும்" என்பாள். பிள்ளையின் முகத்தை ஒரு நிமிஷம் பார்ப்பாள், உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்து வருவாள். அதிலும் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. பயந்த பிள்ளைக்குப் பேய்க் கதை. அடங்காத பிள்ளைக்கு அழுகைக் கதை. சாப்பிடப் படுத்துகிற பிள்ளைக்கு விருந்து நடக்கிற கதை. இது எந்த வைத்திய சாஸ்திரத்தில் இருக்கிறது என்று அப்பா கேலி செய்வார். ஆனால் சோறு இறங்காத ஒரு பையன் எங்கள் வீட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இரண்டு தோசை கேட்டு வாங்கித் தின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகள் அதிகம், புத்தகம் கொஞ்சம். அதற்கு அம்மாவும் அக்காவும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அக்கா பெயர் செண்பகம், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். புதுப் புத்தகம் வந்து அம்மா வாசித்து முடித்ததும், இருவரும் உட்கார்ந்து அதன் தையலைப் பிரித்துவிடுவார்கள். பிரித்ததை நாலு பாகம், ஐந்து பாகம் என்று தனித்தனியாகக் கோணி ஊசியால் தைத்து ஆளுக்கொன்றாகச் சுற்றுக்கு விடுவார்கள். முதல் பாகம் முடித்தவனுக்கு இரண்டாம் பாகம், அவன் விட்ட முதல் பாகம் அடுத்தவளுக்கு. மேலட்டைக்கு எங்கே போவது? வருஷம் முடிந்த பஞ்சாங்கங்களின் அட்டைதான். அதனால் மேலகரத்துக்கு வந்த புதுசில் சிலர், இந்த ஊர்ப் பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து பஞ்சாங்கம் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று திகைத்ததுண்டு.

இந்தப் பஞ்சாங்க அட்டைதான் எல்லாவற்றுக்கும் காரணமாகப் போயிற்று.

அந்த வருஷம் வந்த புத்தகக் கட்டில் ஒரு கழுதைக் கதை இருந்தது. ஒரு சலவைக்காரியின் கழுதை. அரண்மனை அழுக்குமூட்டைக்குள் ராஜாவின் கிரீடம் தெரியாமல் சுருட்டி வைக்கப்பட்டுவிடுகிறது. மூட்டையைச் சுமந்த கழுதை பாதை மாறிப் போய்விடுகிறது. முதுகில் கிரீடம் இருப்பது கழுதைக்குத் தெரியாது. மந்திரி தேடுகிறான், திருடர்கள் தேடுகிறார்கள், ஏழு ஊரும் அமளிப்படுகிறது. இதை ஐந்து பாகமாக்கினார்கள். இப்படி ஒரு கதையை நான் அதற்குப் பிறகு வாசித்ததில்லை. சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்வோம்.

சீசன் காலத்தில் வீட்டின் முன்கட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் அடுக்களைப் பக்கம் ஒதுங்கிக்கொள்வது வழக்கம். அந்த முறை விருதுநகர்க்காரக் குடும்பம் ஒன்று வந்து தங்கியிருந்தது. அந்த வீட்டுப் பையன் வேகமாக வாசிக்கிறவன். எல்லாருக்கும் முந்தி ஐந்தாம் பாகத்துக்குப் போய்விட்டான். அவனுக்கு அடுத்தபடி அக்கா, நாலாம் பாகம் முடித்துவிட்டுக் காத்திருந்தாள். அவர்கள் ஊருக்குக் கிளம்புகிற காலையில், அந்த வீட்டுப் பெரியவர் ஜன்னலில் கிடந்த ஐந்தாம் பாகத்தைத் தன் பஞ்சாங்கம் என்று நினைத்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அவருடைய நிஜப் பஞ்சாங்கம் எங்கள் வீட்டு மாடத்தில் இருந்தது. அவர் ஊரில் போய் ராகுகாலம் பார்க்கப் புரட்டியபோது கழுதை வந்து நின்றிருக்கும். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அக்காவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு ரங்கூனில் ஒரு அரிசி மில்லில் உத்தியோகம். ஆவணியில் முகூர்த்தம், முடிந்த கையோடு கப்பல். அம்மா விருதுநகருக்குக் கார்டு எழுதினாள். பதில் இல்லை. திரும்பவும் எழுதினாள்.

"நீதான் வாசிச்சிருக்கியே. முடிவ மட்டும் சொல்லும்மா" என்று அக்கா கேட்பாள்.

"வந்துரும், பொறு" என்பாள் அம்மா.

கல்யாணம் வந்தது, புத்தகம் வரவில்லை. தென்காசி ஸ்டேஷனில் மதராஸ் ரயிலில் அக்காவையும் அத்தானையும் ஏற்றிவிட்டு நின்றோம். அம்மா அதுவரை அழவில்லை. பலகாரத் தூக்கை எங்கே வைக்க வேண்டும், வெந்நீரை எப்போது குடிக்க வேண்டும் என்றே பேசிக்கொண்டிருந்தாள். எனக்கோ, இனிமேல் எந்தப் புத்தகத்திலும் முதல் பாகம் எனக்குத்தான் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. வண்டி நகர்ந்தது. அப்போதுதான் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு வண்டியோடு நடக்க ஆரம்பித்தாள். அருவியில் கத்துகிற அதே குரலில், "ஏட்டி செண்பகம், கேட்டுக்கோ! அந்தக் கழுத இருக்குல்லா, அது கடைசியில..." என்றாள்.

யாருக்கும் முடிவு சொல்லாத அம்மா சொல்லத் துணிந்துவிட்டாள். அக்காவோ இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். புதுக் கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை சரிந்தன. கண்ணீர் வழிய, சிரித்துக்கொண்டு, மாட்டேன் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "சொல்லாத! நான் வந்து வாசிச்சுக்கிடுதேன்!"

பக்கத்தில் இருந்த அத்தான் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டாள். வண்டி வளைவு திரும்புகிறவரை அக்கா காதிலிருந்து கையை எடுக்கவில்லை.

அதற்கு மறு வாரம் விருதுநகரிலிருந்து ஐந்தாம் பாகம் தபாலில் வந்து சேர்ந்தது. அப்பா, "அப்படியே ரங்கூனுக்கு அனுப்பிரு" என்றார். அம்மாவும் அனுப்பட்டுமா என்று கேட்டு எழுதினாள். அக்காவின் பதிலை அப்பா உரக்க வாசித்தார். 'அனுப்ப வேண்டாம். அது அங்கனயே இருக்கட்டும். எனக்கு ஊருக்கு வர ஒரு சாக்கு வேணும்லா.' அம்மா அன்றைக்கே ஐந்தாம் பாகத்தைப் பட்டுத் துணியில் சுற்றி, உள்ளறையில் இருந்த தேக்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியைத் தாலிக்கயிற்றோடு முடிந்துகொண்டாள்.

அப்புறம் யுத்தம் வந்தது. முதலில் கடிதங்கள் தாமதமாயின. பிறகு ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்துவிட்டான் என்று பேப்பரில் போட்டார்கள். அதோடு கடிதம் நின்றது. பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்தே வந்தவர்கள் ஒவ்வொருவராக ஊர் வந்து சேர்ந்தார்கள். கடையநல்லூரில் ஒருவர் வந்திருக்கிறார், ஆய்க்குடியில் ஒரு குடும்பம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் போதும், அம்மா வண்டி பிடித்துப் போய் நின்றுவிடுவாள். எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தவர்கள் பாவம், என்ன சொல்வார்கள்? பெரிய பட்டணம் அம்மா, எங்களுக்குத் தெரியாது என்பார்கள்.

இத்தனைக்கும் நடுவில் அம்மா புத்தகம் கொடுப்பதை நிறுத்தவில்லை. அருவிக்குப் போவதையும் நிறுத்தவில்லை. ஆனால் முன்பெல்லாம் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டுத்தான் தொடங்குவாள். இப்போது முதல் கேள்வி வேறாகிவிட்டது. "ரங்கூன்ல ஒங்களுக்கு ஆள் உண்டா?" என்று கத்துவாள். இல்லை என்று தெரிந்த பிறகுதான் குரங்கும் அரண்மனையும்.

கழுதைக் கதையின் நாலு பாகமும் ஊரைச் சுற்றிக்கொண்டே இருந்தன. முடிவு தெரியாமல் பிள்ளைகள் தவித்துப் போனார்கள். அடுத்த வீட்டுச் சுப்பம்மாள் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"மதினி, பிள்ளைக பாவம்லா. அந்தக் கடைசிப் பாகத்தத்தான் குடுத்தா என்ன?"

"அது செண்பகத்துக்கு உள்ளது."

"வாசிச்சுட்டுத் திருப்பித் தந்திருவாங்கள்லா? தேஞ்சா போகும்?"

அம்மாவுக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "வந்து வாசிச்சுக்கிடுதேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. நான் எடுத்து ஊருக்குக் குடுத்துட்டா, பொறவு அவ எதுக்கு வருவா?"

சுப்பம்மாள் எழுந்து போனாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அந்தப் பெட்டியை அம்மா திறக்கவும் இல்லை. மற்றப் புத்தகங்களையெல்லாம் நாள் தவறாமல் கூடை மேல் போட்டுப் புகை காட்டியவள், அதை மட்டும் தொடவில்லை. தொட்டால் எதுவோ குலைந்துவிடும் என்ற பயம் அவளுக்கு. எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

யுத்தம் முடிந்து, கப்பல் விட ஆரம்பித்து, ஒரு மத்தியான வேளையில் தென்காசியிலிருந்து வந்த குதிரைவண்டி ஒன்று எங்கள் வாசலில் நின்றது. அக்கா இறங்கினாள். கூட ஐந்து வயதுப் பையன் ஒருவன். அத்தான் இல்லை. ரங்கூனில் குண்டு விழுந்தபோதே அவர் போய்விட்டார். எங்களுக்குத் தெரிந்தது அக்காவின் வெறுங்கழுத்தைப் பார்த்துத்தான். அன்றைக்கு வீட்டில் எழுந்த அழுகையை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அக்கா அழவில்லை. வந்தவர்கள் கட்டிக்கொண்டு அழுதபோதும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அம்மா பயந்துபோனாள். இதற்குக் கொடுக்க அவளிடம் எந்தக் கதையும் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து, சாரல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், அக்கா தானாகவே கேட்டாள். "ஏம்மா, அந்தப் பாகம் இருக்கா?"

அம்மாவுக்கு முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து எத்தனை காலமோ ஆகியிருந்தது. உள்ளறைக்கு ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும். பூட்டு துருப்பிடித்திருந்ததால் அப்பா வந்து தட்டித் திறந்தார். பட்டுத் துணியைப் பிரித்தாள். உள்ளே புத்தகம் இல்லை, பச்சையும் கறுப்புமாக ஒரு கட்டி இருந்தது. தாளோடு தாள் ஒட்டி, நனைந்து இறுகிய அப்பளக்கட்டு மாதிரி ஆகியிருந்தது. அம்மா ஓரத்தை நகத்தால் மெல்லப் பிரித்துப் பார்த்தாள். எழுத்து ஒரு பக்கம், தாள் ஒரு பக்கமாக உரிந்து வந்தது. அவசர அவசரமாகக் கங்கு எடுத்துப் போட்டு, கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் வைத்துப் புகை காட்டினாள். அது பொடியாக உதிர்ந்தது. ஊர் முழுக்கக் கை மாறி, கசங்கி, எண்ணெய்க் கறை பட்டுக் கிடந்த மற்ற நாலு பாகமும் அலமாரியில் நன்றாகவே இருந்தன. பத்திரமாக வைத்தது மட்டும் போய்விட்டது. புத்தகத்தைச் சாரலிலிருந்து காப்பாற்ற ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள் அம்மா. கூடைக்கு முன்னால் கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி விடும்மா. அன்னைக்கு ஸ்டேஷன்ல சொல்ல வந்தியே, இப்பச் சொல்லு. நான் காதப் பொத்த மாட்டேன்."

அம்மா ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். கத்தாமல், மெதுவாக.

"எல்லாரும் தேடுதாங்க. ராசா ஆளு தேடுதான், மந்திரி தேடுதான், திருடன் தேடுதான். ஒருத்தருக்கும் ஆப்புடல. சலவைக்காரி மட்டும் வாசல்லயே உக்காந்திருக்கா. ஒரு நாள் சாயங்காலம் கழுத அதுபாட்டுக்கு நடந்து வீட்டு வாசல்ல வந்து நிக்கி. காலெல்லாம் புண்ணு. முதுகுல மூட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ கட்டிப் பிடிச்சுக்கிடுதா. அம்புட்டுதான் கத."

"கிரீடம்?" என்றாள் அக்கா.

"கிரீடம் போனாப் போகுது. கழுத வந்துட்டுல்லா."

அக்கா சிரித்தாள். ரங்கூனிலிருந்து வந்த பிறகு முதல் சிரிப்பு. "இதுக்காம்மா இத்தன வருசம் என்னக் காக்க வச்ச? அப்ப நான் கழுதையா?"

"பின்ன? கழுததான்" என்றாள் அம்மா. அதற்குள் அக்கா அவள் மடியில் விழுந்துவிட்டாள். வந்த நாளிலிருந்து வராத அழுகையெல்லாம் அப்போது வந்தது. அப்பா பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசிக்கிற பாவனையில் இருந்தார். அக்காவின் பையன் கதவுக்குப் பின்னாலிருந்து வந்து, கூடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

கிரீடத்தைத் தேடித்தான் நாலு பாகமும் ஓடியிருந்தன. கடைசியில் அதைக் கிடைக்காமலே விட்டுவிட்ட ஒரு பிள்ளைக் கதையை யாராவது எழுதுவார்களா? எனக்கு அப்போதே தோன்றியது. அம்மாவிடம் கேட்கவில்லை. அக்காவும் கேட்டதாகத் தெரியவில்லை. பின்னால் அவள் தன் பையனுக்கும், என் பிள்ளைகளுக்கும், தெருப் பிள்ளைகளுக்கும் இந்த முடிவைத்தான் சொன்னாள்.

அம்மா போய், அக்காவும் போய், வெகு காலமாகிவிட்டது. பாகம் பாகமாய்த் தைத்த புத்தகங்கள் யார் யார் கையிலோ போயின. நல்ல முழுப் புத்தகம் ஒன்று எங்காவது கிடைக்குமா என்று பழைய புத்தகக் கடைகளில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்று வந்ததாகவே யாருக்கும் நினைவில்லை. வீட்டை விற்றுவிட்டோம். போன சீசனில் அந்த வழியாகப் போனபோது காரை நிறுத்தச் சொல்லித் தேடினேன். மூன்று மாடி லாட்ஜ் ஒன்று நின்றது. எங்கள் வாசல் எந்த இடம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. டிரைவர் பின்னால் திரும்பி, எறங்குதியளா என்று கேட்டான். எங்கே போய் நிற்பது? போகலாம் என்று சொல்லிவிட்டேன்.